உக்ரைன் வயலில் விழுந்த சூப்பர்மேன்

'சூப்பர்மேன்: ரெட் சன்' அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் 2003-ல் மூன்று இதழ்களாக வெளியிட்ட சித்திரக்கதை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மார்க் மில்லர் எழுத, டேவ் ஜான்சனும் கிலியன் பிளங்கெட்டும் வரைந்தார்கள். உலகமே அறிந்த ஒரு கதையில் இவர்கள் கைவைத்தது ஒரே இடத்தில்தான். வழக்கமான கதையில், அழியப்போகும் கிரிப்டான் கிரகத்திலிருந்து பெற்றோர் அனுப்பிவைத்த குழந்தையைச் சுமந்துவரும் விண்கலம் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்து வயலொன்றில் விழும். பிள்ளையில்லாத கென்ட் தம்பதி குழந்தையை எடுத்து வளர்ப்பார்கள். 'ரெட் சன்' கதையில் அந்தக் கலம் வந்துசேரும் நேரம் சில மணி நேரம் மாறுகிறது. அதற்குள் பூமி சுழன்றுவிட, கலம் விழும் இடம் சோவியத் உக்ரைனின் கூட்டுப் பண்ணையாகிறது. கேன்சஸில் வளர வேண்டிய பையன் ஸ்டாலின் ஆளும் நாட்டில் வளர்கிறான். அவன் மார்பில் 'எஸ்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அரிவாள் சுத்தியல் வந்து உட்காருகிறது.

நடந்த வரலாற்றில் ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்து, அதன்பின் எது எப்படி ஆகியிருக்கும் என்று எழுதிப் பார்ப்பது பழைய வழக்கம். அலெக்சாந்தர் கிழக்கே போகாமல் மேற்கே திரும்பி ரோமாபுரியோடு மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக விவாதித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்று அமெரிக்காவைப் பங்குபோட்டுக்கொண்ட உலகத்தை பிலிப் கே. டிக் 1962-ல் நாவலாக்கினார். இவ்வகைக்கு மாற்று வரலாறு என்று பெயர். காமிக்ஸ்காரருக்கு இதில் நாவலாசிரியருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. சூப்பர்மேனின் பிறப்பும் வளர்ப்பும் காதலியும் எதிரியும் வாசகருக்கு மனப்பாடம். எனவே எது மாறியிருக்கிறது என்பதைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை. ஒரு கட்டத்தில் உடையின் சின்னத்தை மாற்றி வரைந்தால் போதும், படிப்பவர் தாமே ஒப்பிட்டுக்கொள்வார்.

இடத்தை மாற்றுவதும் வரலாற்றை மாற்றுவதும் ஒன்றல்ல. 2004-ல் இந்தியாவில் உருவான ஸ்பைடர்மேன் கதையில் பவித்ர் பிரபாகர் என்ற மும்பைப் பையன் வேட்டி கட்டிக்கொண்டு மாடி விட்டு மாடி தாவினான். அவனுக்குச் சக்தி கொடுத்தவர் ஒரு யோகி. பார்க்க அழகான முயற்சி. ஆனால் அந்தக் கதையில் இந்தியாவின் வரலாறு எங்கும் பிசகவில்லை; அமெரிக்கக் கதைக்கு இந்திய உடுப்பு போட்டார்கள், அவ்வளவுதான். மாற்று வரலாற்றுக் கதை கேட்பது இதைவிடக் கடினமான கேள்வி. அந்த நாயகன் அங்கே இருந்திருந்தால் அந்த நாடும் காலமும் என்ன ஆகியிருக்கும், அந்த நாடும் காலமும் அவனை என்ன செய்திருக்கும்? இரண்டுக்கும் பதில் சொல்லும் கதைகள் அரிது. 'ரெட் சன்' அவற்றில் ஒன்று.

அதன் கூர்மை புரிய, அசல் சூப்பர்மேன் எங்கிருந்து வந்தான் என்று பார்க்க வேண்டும். ஒஹையோ மாநிலத்து கிளீவ்லாண்ட் நகரில் பள்ளித் தோழர்களாக இருந்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் உருவாக்கிய பாத்திரம் அவன். இருவரும் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஷஸ்டரின் தாயார் உக்ரைனின் கீவ் நகரிலிருந்து வந்தவர். 1938 ஜூன் மாதத் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானான். பாத்திரத்தின் முழு உரிமையையும் இருவரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கோடிக்கணக்கில் சம்பாதித்துக் கொடுத்த அந்தப் பாத்திரத்தின் மீது அவர்கள் பெயர் மறுபடி அச்சாவதற்கு 1970-களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காமிக்ஸ் தொழிலின் வரலாற்றில் இதைப் போன்ற அநியாயம் குறைவு.

ஆரம்ப கால சூப்பர்மேன் பிற்காலத்தவனைப் போல் வேற்றுக்கிரக அரக்கர்களோடு மல்லுக்கட்டவில்லை. அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். வேலையில்லாதவர்கள் அமெரிக்கத் தெருக்களில் நின்றார்கள். முதல் இதழிலேயே, மனைவியை அடிக்கும் கணவன் ஒருவனை அவன் உதைக்கிறான். மரண தண்டனைக்கு உள்ளாகவிருந்த நிரபராதியைக் காப்பாற்றுகிறான். மூன்றாம் இதழில், தொழிலாளர்களின் பாதுகாப்பைக் கவனிக்காத சுரங்க முதலாளியை அவனுடைய விருந்தாளிகளோடு சேர்த்து அதே சுரங்கத்துக்குள் அடைபடச் செய்து பாடம் புகட்டுகிறான். எட்டாம் இதழில் ஒரு சேரியையே இடித்துத் தள்ளுகிறான். அரசாங்கம் வேறு வழியின்றி அங்கே புது வீடுகள் கட்டித் தர வேண்டியதாகிறது. ஏழைக்காகச் சட்டத்தை மீறத் தயங்காத முரட்டு நியாயவாதி அவன்.

அமெரிக்கக் கொடியோடு அவன் பிணைக்கப்பட்டது பிறகுதான். உண்மைக்கும் நீதிக்கும் அமெரிக்க வழிமுறைக்கும் போராடுபவன் என்ற அறிமுக வாசகம் போர்க்காலத்தில், 1942-ல், வானொலித் தொடரில் சேர்ந்தது. அதற்கு முன்பே, 1940 பிப்ரவரியில், 'லுக்' என்ற அமெரிக்க இதழுக்காக சீகலும் ஷஸ்டரும் இரண்டு பக்கக் கதை ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். சூப்பர்மேன் போரை எப்படி முடிப்பான் என்பதுதான் பொருள். அவன் முதலில் ஹிட்லரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறான். பிறகு மாஸ்கோவுக்குப் பறந்து ஸ்டாலினையும் அள்ளிக்கொள்கிறான். இருவரையும் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் குற்றவாளிகளாக நிறுத்துகிறான். இதைக் கண்டு எரிச்சலடைந்த நாஜி எஸ்.எஸ். படையின் பத்திரிகை, சீகலை யூதர் என்று வசைபாடி ஒரு கட்டுரையே போட்டது. ஸ்டாலினைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்த அதே சூப்பர்மேனை ஸ்டாலினின் வளர்ப்பாக மாற்றுவதில் 'ரெட் சன்' எவ்வளவு தூரம் போகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

நாயகனை வேறு வாழ்க்கையில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் காமிக்ஸில் முன்பே இருந்தது. 1960-களில் டிசி நிறுவனம் 'கற்பனைக் கதை' என்ற அடையாளத்தோடு, வழக்கமான தொடரைப் பாதிக்காத தனிக் கதைகளை வெளியிட்டது. சூப்பர்மேன் இறந்துபோவதாக 1961-ல் வந்த புகழ்பெற்ற கதை அவற்றில் ஒன்று. அதை எழுதியவர் சீகலேதான். போட்டி நிறுவனமான மார்வெல் 1977-ல் 'வாட் இஃப்' என்ற தனி இதழையே தொடங்கியது. ஆனால் இவை பெரும்பாலும் நாயகனின் சொந்த வாழ்க்கையில் நேரும் திருப்பங்கள். வரலாறு கதைக்குள் கனமாக நுழைந்தது 1989-ல்.

அந்த ஆண்டு வந்த 'கோதம் பை கேஸ்லைட்' பேட்மேனை நூறு ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டுபோனது. பிரையன் அகஸ்டின் எழுதி மைக் மிக்னோலா வரைந்த கதை. ஆண்டு 1889. மின்விளக்குக்கு முந்தைய எரிவாயு விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் கோதம் நகரம். ஐரோப்பாவில் படித்துவிட்டு, வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டைச் சந்தித்து ஊர் திரும்புகிறான் பேட்மேனாகப் போகும் புரூஸ் வெய்ன். அவன் வந்த சமயத்திலேயே, 1888-ல் லண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில் பெண்களைக் கொன்று தப்பிய 'ஜாக் தி ரிப்பர்' கோதமிலும் தலைகாட்டுகிறான். சந்தேகம் புரூஸ் மீது விழுகிறது. தூக்குத் தண்டனை விதிக்கப்படுகிறது. நள்ளிரவில் காணாமல் போய் விடியலில் திரும்பும் பணக்கார வாலிபனைப் போலீஸ் சந்தேகிப்பது எவ்வளவு இயல்பானது! வழக்கமான பேட்மேன் கதைகள் கண்டும் காணாமல் விடுகிற இந்த விஷயத்தை, விக்டோரியா காலத்துக்குப் போனதும் ஆசிரியரால் நேருக்கு நேர் பார்க்க முடிந்தது. உயர்ந்த கழுத்துப்பட்டையும் நீண்ட கோட்டுமாக மிக்னோலா வரைந்த பேட்மேன், நிழலும் கல்லுமாகவே பக்கங்களில் நிற்கிறான். காலம் மாறினாலும் அவன் கொஞ்சமும் அந்நியமாகத் தெரியவில்லை. பேட்மேன் அடிப்படையில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பறிவாளர்களின் வாரிசு என்பதே காரணம்.

இந்த வெற்றிக்குப் பின் 'எல்ஸ்வேர்ல்ட்ஸ்' என்ற தனி முத்திரையை டிசி உருவாக்கியது. 1991-ல் வந்த 'பேட்மேன்: ஹோலி டெரர்' அந்த முத்திரையோடு வந்த முதல் இதழ். இங்கிலாந்தின் ஆலிவர் கிராம்வெல் நடந்ததைவிடக் கூடுதலாகச் சில ஆண்டுகள் உயிரோடு இருந்திருந்தால் அமெரிக்கா மதகுருமார் ஆளும் நாடாகியிருக்கும் என்பது அதன் அனுமானம். அடுத்த பத்தாண்டுகளில் முத்திரை குத்திய கதைகள் ஏராளமாக வந்தன. பாதிக்கு மேல் தலைப்பாகையும் வாளும் மாற்றிக் கொடுத்த மாறுவேடக் கதைகளாகவே இருந்தன என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

'ரெட் சன்' வந்த அதே 2003-ல் மார்வெல் நிறுவனத்தின் '1602' எட்டு இதழ்களாக வரத் தொடங்கியது. நீல் கெய்மன் எழுத்து, ஆண்டி கூபர்ட் சித்திரம். முதலாம் எலிசபெத் அரசியின் கடைசி நாட்களில் மார்வெல் நாயகர்கள். அரசியின் உளவுத் தலைவராக சர் நிக்கோலஸ் ஃப்யூரி, அரண்மனை வைத்தியராக டாக்டர் ஸ்டிரேஞ்ச். பிறவியிலேயே விசித்திர சக்தி கொண்ட எக்ஸ்-மென் கூட்டத்தார் இங்கே மந்திரப் பிறவிகள் என்று வேட்டையாடப்படுகிறார்கள். ஸ்பெயினின் மத விசாரணை மன்றம் அவர்களை நெருப்பில் நிறுத்துகிறது. இருபதாம் நூற்றாண்டுக் கதையில் உருவகமாக இருந்த துன்புறுத்தல், பதினேழாம் நூற்றாண்டின் வாசலில் நிஜமான விறகும் நெருப்புமாகிறது. வட அமெரிக்காவின் ரோனோக் தீவில் ஆங்கிலேயர் அமைத்த குடியிருப்பு 1590-ல் வந்து பார்த்தபோது ஆளற்றுக் கிடந்தது. அங்கே 1587-ல் பிறந்த வர்ஜீனியா டேர் என்ற பெண்குழந்தை என்ன ஆனாள் என்பது இன்றுவரை விடுபடாத புதிர். '1602' கதையில் அந்தக் குடியிருப்பு பிழைத்துவிடுகிறது. வர்ஜீனியா வளர்ந்து இங்கிலாந்து வருகிறாள். எதிர்காலத்திலிருந்து தூக்கி எறியப்பட்ட ஒருவன் அங்கே வந்து விழுந்ததே அந்த மாற்றத்தின் வேர். வரலாற்றில் உண்மையிலேயே இருக்கும் ஓட்டையைத் தேடி அதில் கதையைப் பொருத்தும் இந்த வேலை நுட்பமானது. ஆனால் '1602' நாயகர்களின் மனசாட்சியைத் தொந்தரவு செய்வதில்லை. அந்த வேலையை 'ரெட் சன்' செய்கிறது.

மில்லருக்கு விதை கிடைத்தது சிறுவயதில். 1976-ல் வந்த 'சூப்பர்மேன்' 300-ஆம் இதழில் ஒரு கற்பனைக் கதை, அதில் விண்கலம் கடலில் விழ, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அதைக் கைப்பற்ற ஓடுகின்றன, அமெரிக்கா முந்திவிடுகிறது. மற்றவர்கள் முந்தியிருந்தால் என்ற கேள்வி ஆறு வயதுப் பையனின் மனதில் தங்கி, கால் நூற்றாண்டுக்குப் பின் புத்தகமானது.

முதல் இதழில் ஆண்டு 1953. தங்களிடம் ஒரு மாமனிதன் இருக்கிறான் என்று சோவியத் அரசு உலகுக்கு அறிவிக்கிறது. அதுவரை அமெரிக்கா கட்டிவைத்திருந்த அணுகுண்டுக் கணக்கெல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசாகிறது. அரசாங்கம் உதவிக்கு அழைப்பது லெக்ஸ் லூதரை. வழக்கமான கதையில் வில்லனான லூதர் இங்கே அமெரிக்காவின் மிகப் பெரிய விஞ்ஞானி. செய்தியாளர் லோயிஸ் லேன் அவன் மனைவி. புகைப்படக்காரப் பையனாக நாம் அறிந்த ஜிம்மி ஓல்சன் சிஐஏ அதிகாரி. சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் 2 மெட்ரோபோலிஸ் நகரத்தின் மேல் விழும்படி லூதர் சதி செய்கிறான். எதிரி நாட்டு நகரமாயிற்றே என்று யோசிக்காமல் சூப்பர்மேன் பறந்துவந்து மக்களைக் காப்பாற்றுகிறான். அங்கே லோயிஸும் அவனும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். வேறொரு வரலாற்றில் கணவன் மனைவியாகியிருக்க வேண்டியவர்கள் என்பது வாசகருக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. மாற்று வரலாற்றுக் கதையால் மட்டுமே உண்டாக்க முடிகிற துயரம் இது.

ஸ்புட்னிக் 2 உண்மையில் ஏவப்பட்டது 1957 நவம்பர் 3-ல். ஸ்டாலின் இறந்தது 1953 மார்ச் 5-ல். மில்லர் இரண்டையும் ஒரே காலத்தில் வைக்கிறார். கால வரிசையைத் தளர்த்தினாலும் பனிப்போரின் பயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். கதையில் ஸ்டாலின் விஷம் வைத்துக் கொல்லப்படுகிறார். அடுத்த தலைவராகும்படி கட்சி சூப்பர்மேனைக் கேட்கிறது. அவன் மறுக்கிறான். தான் மக்களுக்கு உதவ வந்தவன், ஆள வந்தவன் அல்ல என்பது அவன் எண்ணம்.

புத்தகத்தின் மையமான காட்சி இதையடுத்து வருகிறது. மாஸ்கோவில் உணவுக்காக நிற்கும் நீண்ட வரிசையில் லானா லசரென்கோ நிற்கிறாள். கூட்டுப் பண்ணையில் அவனோடு வளர்ந்தவள். கேன்சஸ் கதையின் லானா லாங் இங்கே இந்தப் பெயரில் இருக்கிறாள். கூடவே அவள் பிள்ளைகள், பசியோடு. சூப்பர்மேன் அவளை அடையாளம் கண்டு இறங்கிவருகிறான். வரிசையில் நிற்கும் மற்றவர்களின் முகங்களும் அவன் பக்கம் திரும்புகின்றன. குழந்தைகள் பசித்திருக்கும்போது, அதைத் தீர்க்கிற வல்லமை கையில் இருக்கும்போது, ஆள மாட்டேன் என்று ஒதுங்கி நிற்பது என்ன நியாயம்? அந்த இடத்தில் அவன் முடிவை மாற்றிக்கொள்கிறான். அதிகார ஆசையோ கொள்கை வெறியோ அவனை ஆட்சியில் அமர்த்தவில்லை. பழைய தோழியின் பிள்ளைகள் மீதான இரக்கம் அமர்த்தியது. கேன்சஸில் வளர்ந்தவனும் இதைத்தானே செய்திருப்பான் என்று வாசகரை நினைக்க வைத்துவிடுவதில்தான் மில்லரின் சாமர்த்தியம்.

இரண்டாம் இதழ் 1978-க்குத் தாவுகிறது. உலகம் கிட்டத்தட்ட முழுவதும் சோவியத் ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது. வெளியே நிற்பவை அமெரிக்காவும் சிலியும்தான். போர் இல்லை, பசி இல்லை, வேலையின்மை இல்லை. அமெரிக்காவோ உள்நாட்டுக் கலவரத்தால் துண்டு துண்டாகிக்கொண்டிருக்கிறது. 1991-ல் சோவியத் ஒன்றியம் பதினைந்து நாடுகளாகப் பிரிந்ததைக் கண்ணாடியில் திருப்பிக் காட்டியது போன்ற சித்திரம் இது. இந்த நிம்மதிக்கு இடையில் சூப்பர்மேனை உறுத்தும் ஒரு சின்ன விஷயத்தை மில்லர் சொல்கிறார். காரில் போகிறவர்கள் சீட் பெல்ட் போடுவதை விட்டுவிட்டார்கள். கப்பல்களில் உயிர்காப்பு மேலாடைகள் வைப்பதில்லை. எது நடந்தாலும் அவன் வந்து பிடித்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. ஒரு சமூகம் தன் பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய இடம் சூப்பர் ஹீரோ காமிக்ஸில் வேறு இல்லை எனலாம்.

சொன்ன பேச்சு கேட்காதவர்களுக்கு என்ன நடக்கிறது? இயந்திர அறிவான பிரெய்னியாக்கின் அறுவை சிகிச்சையால் மூளை மாற்றப்பட்டு, எதிர்க்குரல் எழுப்பியவர்கள் கீழ்ப்படியும் பொம்மைகளாகிறார்கள். சித்திரவதை இல்லை, துப்பாக்கி இல்லை. எல்லாம் சுத்தமாக நடக்கிறது. இதே பிரெய்னியாக் ஒரு காலத்தில் எதிரியாக வந்து ஸ்டாலின்கிராட் நகரத்தை மக்களோடு சேர்த்துச் சுருக்கி ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்தது. சூப்பர்மேனால் அந்த நகரத்தைப் பழைய அளவுக்கு மீட்க முடியவில்லை. தன் ஒரே தோல்வியின் சாட்சியாக அந்தக் குடுவையைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறான். இரண்டாம் உலகப் போரின் திசையைத் திருப்பிய நகரம், கையில் எடுக்கும் அளவுக்குச் சிறுத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

இந்த ஆட்சிக்கு எதிராக எழுபவன் பேட்மேன். அவனுடைய பெற்றோர் சூப்பர்மேனுக்கு எதிரான துண்டறிக்கைகளை அச்சிட்டதற்காகப் பாதுகாப்புப் படைத் தலைவன் பியோத்தர் ரோஸ்லோவின் கையால் சுடப்பட்டவர்கள். ரஷ்யக் குளிருக்கான காது மூடிய ரோமத் தொப்பியின் மேல் வௌவால் காதுகள் வைத்த அவன் உருவம், புத்தகத்தின் சித்திரங்களிலேயே வாசகர்கள் அதிகம் நினைவில் வைத்திருக்கும் ஒன்று. சூப்பர்மேனின் சக்தியைப் பறிக்கும் சிவப்புச் சூரிய விளக்குகளைக் கொண்டு அவனைக் கிட்டத்தட்ட வீழ்த்தியும்விடுகிறான். கடைசியில் பிடிபட்டு மூளை மாற்றப்படுவதைவிடச் சாவதே மேல் என்று தன்னிடமிருந்த குண்டை வெடிக்கச் செய்கிறான். அசல் கதையில் கோடீஸ்வரனாக இருந்து திருடர்களைப் பிடித்தவன், இங்கே சொத்து ஏதுமில்லாத கிளர்ச்சிக்காரன். இந்தத் தலைகீழ் மாற்றம் சூப்பர்மேனுக்கு நேர்ந்ததைவிடப் பொருத்தமாக இருக்கிறது என்றே சொல்லலாம்.

வொண்டர் உமனின் பங்கு அத்தனை சிறப்பாக அமையவில்லை. சூப்பர்மேனை நேசித்து, அவனைக் காப்பாற்றத் தன் மந்திரக் கயிற்றை அறுத்துச் சக்தியையும் இளமையையும் இழக்கிறாள். அதை அவன் சரியாகக் கவனிப்பதுகூட இல்லை. லோயிஸும் பெரும்பகுதி காத்திருக்கும் மனைவியாகவே இருக்கிறாள். மூன்றே இதழ்களில் அரை நூற்றாண்டை அடைக்கப் போனதன் சேதாரம் பெண் பாத்திரங்கள் மேல் விழுந்திருக்கிறது.

மூன்றாம் இதழில் 2001. லூதர் அமெரிக்க அதிபராகி, சரிந்த நாட்டை நிமிர்த்திவிடுகிறான். ஆனால் அவனை நல்லவன் என்று புத்தகம் சொல்லவில்லை. மனைவியையும் மனிதர்களையும் சதுரங்கக் காய்களாகப் பார்ப்பவன் அவன். கடைசிப் போரில் சூப்பர்மேன் வாஷிங்டனைக் கைப்பற்றும் தருணத்தில், லூதர் எழுதிவைத்த ஒரு சிறு குறிப்பை லோயிஸ் அவனிடம் நீட்டுகிறாள். ஸ்டாலின்கிராடைப் போல மொத்த உலகத்தையும் நீயே குடுவைக்குள் அடைத்துவிடக் கூடாதா என்று கேட்கும் ஒற்றைக் கேள்விதான் அதில் இருக்கிறது. எத்தனையோ ஆயுதங்களால் முடியாததை அந்தக் கேள்வி செய்கிறது. தான் பிரெய்னியாக்கிலிருந்து வேறுபட்டவன் அல்ல என்பது அவனுக்குப் புரிகிறது. போரை நிறுத்துகிறான். வெடிக்கவிருந்த பிரெய்னியாக்கின் கலத்தை விண்வெளிக்குச் சுமந்து போய், இறந்துவிட்டதாக உலகம் நம்பும்படி மறைந்துகொள்கிறான்.

அதன்பின் கதை பல நூறு கோடி ஆண்டுகள் முன்னோக்கி ஓடுகிறது. லூதரின் வழித்தோன்றல்கள் ஆளும் பூமி மூப்படைகிறது. சூரியன் சிவந்து பருக்கிறது. கடைசித் தலைமுறையின் ஜோர்-எல் என்ற விஞ்ஞானி தன் குழந்தையை ஒரு கலத்தில் வைத்துக் கடந்த காலத்துக்கு அனுப்புகிறான். கலம் 1938-ன் உக்ரைனில் விழுகிறது. கிரிப்டான் வேறு கிரகமே அல்ல, எதிர்காலப் பூமிதான் என்ற இந்தத் திருப்பம் வாசகர்களைத் திகைக்க வைத்தது. ஆனால் இதில் ஒரு நஷ்டமும் உண்டு. தற்செயலாகச் சில மணி நேரம் தவறியதால் எல்லாம் மாறியது என்று தொடங்கிய கதை, எல்லாம் முன்பே வளையமாக விதிக்கப்பட்டிருந்தது என்று முடிகிறது. தற்செயல்தான் மாற்று வரலாற்றின் உயிர்.

வரலாற்றுப் பக்கமிருந்து பார்த்தால் புத்தகத்தின் பெரிய குறை அது இறங்கிய மண்ணிலேயே இருக்கிறது. 1932-33-ல் ஸ்டாலின் அரசின் கட்டாயத் தானியக் கொள்முதலால் உக்ரைனில் விளைந்த பஞ்சத்தில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1937-38-ன் பெரும் களையெடுப்பில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். குழந்தை வந்து விழும் ஆண்டு அந்தக் களையெடுப்பின் உச்சம். அந்தப் பண்ணையில் அவனைத் தூக்கி வளர்த்தவர்கள் பஞ்சத்தில் யாரையாவது இழந்திருப்பார்கள். இரவில் கதவு தட்டப்படும் சத்தத்துக்கு நடுங்கியிருப்பார்கள். தொலைதூரத்துக் கூக்குரலையும் கேட்கும் காது கொண்ட பிள்ளைக்கு இதெல்லாம் கேட்காமலா இருந்திருக்கும்? புத்தகம் இந்த இடத்தைத் தொடவே இல்லை. 2020-ல் சாம் லியு இயக்கத்தில் வந்த அனிமேஷன் படம் இதை உணர்ந்து திருத்தியது. அதில் சிறை முகாம்களைப் பற்றி லோயிஸ் வழியாக அறியும் சூப்பர்மேன், நேரில் கண்டு கொதித்து ஸ்டாலினைத் தானே கொல்கிறான். சித்திரக்கதையைவிட இந்த ஒரு விஷயத்தில் படம் நேர்மையானது.

குறைகளைத் தாண்டி 'ரெட் சன்' நிற்பதற்குக் காரணம், அது கெட்ட சூப்பர்மேனைக் காட்டவில்லை என்பது. கொடி மாறினாலும் அவன் பொய் சொல்வதில்லை, பணத்துக்கு ஆசைப்படுவதில்லை, எதிரி நகரத்துக் குழந்தையையும் காப்பாற்றுகிறான். அவனிடம் இல்லாமல் போனது ஒன்றுதான்: கிளார்க் கென்ட் என்ற சாதாரண மனித வாழ்க்கை. கேன்சஸ் சூப்பர்மேனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு பத்திரிகை அலுவலக மேசை, அதட்டும் ஆசிரியர், முந்திக்கொள்ளும் சக செய்தியாளர் எல்லாம் உண்டு. வாரம் முழுவதும் சாதாரண மனிதனாக வாழ்ந்தாக வேண்டிய கட்டாயம் அவனைக் கட்டுக்குள் வைக்கிறது. சோவியத் சூப்பர்மேனுக்கு அப்படி இரண்டாம் வாழ்க்கை இல்லை. சிலையும் சுவரொட்டியுமாகவே அவன் மக்களுக்குத் தெரிகிறான். அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு கூட்டத்தில் ஒருவனாக நிற்பது கதையின் முடிவில், லூதரின் இறுதி ஊர்வலத்தில்தான். அப்போது அவன் ஆட்சியைத் துறந்து வெகுகாலம் ஆகியிருக்கிறது. சூப்பர்மேனை நல்லவனாக வைத்திருந்தது அமெரிக்கா அல்ல, அந்தச் சாதாரண வேலை என்பதை அமெரிக்க நிறுவனமே வெளியிட்ட புத்தகம் காட்டியிருக்கிறது.

2004-ல் காமிக்ஸ் துறையின் உயர்ந்த அங்கீகாரமான ஐஸ்னர் விருதுக்கு, சிறந்த குறுந்தொடர் பிரிவில் 'ரெட் சன்' பரிந்துரைக்கப்பட்டது. அதன் பிறகு 'எல்ஸ்வேர்ல்ட்ஸ்' முத்திரையின் பயன்பாடு மெல்லக் குறைந்து ஏறக்குறைய நின்றுபோனது. அந்த முத்திரை ஓய்ந்திருந்த காலத்தில் வந்தவற்றில் தேடிப் படிக்க வேண்டியது ஜீன் லுவென் யாங் எழுதிய 'சூப்பர்மேன் ஸ்மாஷஸ் தி கிளான்'. 1946-ன் அமெரிக்காவில் ஒரு சீனக் குடும்பத்தை மிரட்டும் நிறவெறிக் கும்பலோடு சூப்பர்மேன் மோதும் கதை. 2024-ல் டிசி நிறுவனம் பழைய முத்திரையை மறுபடி எடுத்தது. அதன் கீழ் வந்த புதுத் தொடர்களில் ஒன்று, 1989-ல் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த 'கோதம் பை கேஸ்லைட்' கதையின் தொடர்ச்சி. புதிதாகப் படிக்க விரும்புகிறவர்கள் அந்த 1989-ம் ஆண்டுப் புத்தகத்தை முதலிலும் 'ரெட் சன்' புத்தகத்தை அடுத்தும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியவை.